கைப்பிடி அரிசி

தங்கச்சி, இந்த டப்பாவைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுதீயளா? கீழ வச்சா எவன் காலாவது படும். கோயிலுக்குக் கொண்டு போற அரிசி. இருங்க, நான் இந்த ஓரமா உக்காந்துக்கிடுதேன். அந்தச் சன்னலைத் திறக்க முடியாதா? இறுகிட்டா? ஆமா, இந்த மினி பஸ்ஸுல திறந்திருந்தா மூட வராது, மூடியிருந்தா திறக்க வராது. ஞாயித்துக்கிழமை காலையில கோயிலுக்குப் போறவ வேர்த்து விறுவிறுத்துத்தான் போய்ச் சேரணும்னு இருக்கு. நான் முறுமுறுக்கல. சும்மா சொல்லுதேன்.

முறுமுறுக்கதுன்னா தெரியுமா? நீங்க பொட்டு வச்சிருக்கீய, உங்க வீட்ல பொலம்புறதுன்னு சொல்லுவீய. எங்க கோயில்ல முறுமுறுப்புன்னுதான் சொல்லுவோம். வாயைத் திறந்து சண்டை போட்டா அது சண்டை. வாய்க்குள்ளயே முறுக்கு கடிக்கிற மாதிரி ஆண்டவரைக் குறை சொல்லிக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு முறுமுறுப்பு. பெரிய பாவம். எங்க ஐயர் அடிக்கடி அதைப் பத்தித்தான் பிரசங்கம் பண்ணுவாவ. ஐயர்னா உங்க ஐயர் இல்ல, எங்க சபைப் பாதிரியார். வனாந்தரத்துல அலைஞ்ச சனத்துக்கு வானத்துல இருந்து அப்பம் விழுந்துச்சாம். அதைத் தின்னுக்கிட்டே அந்தச் சனம் வெங்காயம் இல்ல, வெள்ளரிக்காய் இல்லன்னு முறுமுறுத்துச்சாம். எனக்கு ஒரு சந்தேகம் தங்கச்சி. வெங்காயம் கேட்டது ஒரு தப்பா? வெங்காயம் இல்லாம என்ன குழம்பு, வெஞ்சனம் வைக்க? அதை ஐயர்கிட்ட கேக்க முடியுமா? பிரசங்கம் பண்ணும்போது அவிய கண்ணு எதுக்குத்தான் என் பெஞ்சுப் பக்கமே வருதோ தெரியல.

இன்னைக்கு எங்க கோயில்ல ஸ்தோத்திரப் பண்டிகை. நான் சாட்சி சொல்லப் போறேன். கோர்ட்டுல சொல்லுத சாட்சி இல்ல. கஷ்டத்துல ஆண்டவர் நம்மளை எப்படி நடத்துனாருன்னு சபைக்கு முன்னால எந்திச்சு நின்னு சொல்லணும். ஐயரம்மாவே வீட்டுக்கு வந்து, “சுகிர்தம், வெள்ளத்துல உங்க வீட்டை ஆண்டவர் கைவிடலையே, அதை நாலு பேருக்குச் சொல்லு. ஆனா சுருக்கமாச் சொல்லு”ன்னாவ. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, “சுருக்கமா, என்ன?”ன்னாவ. அது என்னத்துக்கு ரெண்டு தடவைன்னு எனக்கு இன்னும் விளங்கல. அதான், கோயில் வாரதுக்குள்ள உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுதேன். தப்பா இருந்தா சொல்லுங்க.

எங்களுக்கு உப்பளத்துப் பக்கம் வீடு. எங்க வீட்டுக்காரவிய லோடு ஆட்டோ ஓட்டுதாவ. உப்பு மூடை ஏத்துறது, கொண்டு போய் இறக்குறது. இன்னைக்குக்கூட விடியக்காலமே பண்டிகைக்கு வாழைத்தார் ஏத்திக்கிட்டுப் போயிட்டாவ. என்னையும் ஏத்திக்கிட்டுப் போனா என்ன? வாழைத்தாருக்கு வண்டியில இடம் இருக்கு, பொண்டாட்டிக்கு இல்ல. சரி, அது சாட்சியில வராது.

போன கார்த்திகையில ஒரு மழை பேஞ்சுது பாத்தீயளா, வானம் பொத்துக்கிட்ட மாதிரி? அதுல அளத்துல இருந்த உப்பெல்லாம் கரைஞ்சு, வந்த கடலுக்கே போயிட்டு. லோடு ஆட்டோ கழுத்தளவு தண்ணியில நின்னுச்சு. மெக்கானிக் வந்து எஞ்சினைப் பிரிச்சு வாசல் முத்தம் பூராப் பரப்பிப் போட்டுட்டு, சாமான் வரணும்னு சொல்லிட்டுப் போனவன் போனவன்தான். உப்பும் இல்ல, வண்டியும் இல்ல. வீட்டுக்குள்ள அரிசி டிரம்முல தண்ணி ஏறி எல்லாம் ஊறி நாறிட்டு. நனையாம, கெடாம மிதந்தது இந்தக் காலி டப்பா ஒண்ணுதான். உங்க மடியில இருக்கே, அதேதான். எங்க அண்ணன் மணப்பாட்டுல இருந்து நெத்திலி போட்டுக் கொண்டு வந்த டப்பா. மூடியைப் பாருங்க, திருகிட்டா எறும்பு ஏறாது. நெத்திலி தீந்த அன்னைக்கே இதைக் கோயில் அரிசிக்குன்னு ஒதுக்கி வச்சுட்டேன். மழைக்கு முந்தின நாள்தான் இதுல இருந்த அரிசியைக் கோயிலுக்குக் குடுத்திருந்தேன். நல்ல சாமானைத்தானே ஆண்டவருக்குக் குடுக்கணும்.

கோயில் அரிசின்னா உங்களுக்குத் தெரியாதுல்லா. எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளை சோறு பொங்க அரிசி அளக்கும்போதும் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியா போட்டுரணும். கைப்பிடி அரிசின்னு சொல்லுவோம். மாசக் கடைசியில பெண்கள் சங்கத்துல இருந்து லீதியாள்னு ஒருத்தி சாக்கு எடுத்துக்கிட்டு வீடு வீடா வருவா. எல்லா வீட்டு அரிசியும் அந்த ஒரு சாக்குல விழும். அதை யாரு வீட்ல கஷ்டமோ அவங்களுக்குக் குடுப்பாவ. நான் ஒரு வேளை தவறுனது கிடையாது. வீட்டுக்குப் பொன்னி பொங்குவேன், கோயிலுக்கு ரேசன் அரிசி. ஆனா கை நிறைய அள்ளிப் போடுவேன். குடுக்குற மனசைத்தானே ஆண்டவர் பாக்காரு, எந்த அரிசின்னா பாக்காரு? அந்த லீதியாளே என் அரிசியை மட்டும் சாக்குல கொட்ட மாட்டா. தனியா ஒரு துணிப்பை கொண்டு வந்து அதுல வாங்கிக்கிடுவா. என் காணிக்கை மேல அவளுக்கு அம்புட்டு மரியாதை.

அப்படிக் குடுத்த கை, ஒரு மத்தியானம் பானையைச் சுரண்டிக்கிட்டு நிக்கி. நிவாரணம்னு வந்த பொட்டலமெல்லாம் தீந்துட்டு. நான் ஆண்டவர்கிட்ட நியாயம் கேட்டேன். முறுமுறுக்கல, நியாயம் கேட்டேன். “ஆண்டவரே, எதுத்த வீட்டுக்காரன் வருசத்துல ஒரு நாள், கோயில்ல அசனச் சாப்பாடு போடுத அன்னைக்குத்தான் உம்ம பக்கமே வாரான். அவன் வண்டி மேட்டுல நிக்கி. வாரம் தவறாம வார எங்க வண்டி பள்ளத்துல நிக்கி. இது உமக்கே நல்லாயிருக்கா?”ன்னு கேட்டேன். காலையில கேட்டேன், பாத்திரம் விளக்கும்போது கேட்டேன், துணி துவைக்கும்போதும் கேட்டேன்.

எங்க வீட்டுக்காரவிய இருக்காவளே, அவியளுக்குக் கோவமே வராது. உப்பு மூடை தூக்கித் தூக்கி மனசும் மரத்துப் போச்சோ என்னமோ. “இன்னைக்குள்ளது இன்னைக்கு வரும்டி”ன்னு ஒரே பாட்டு. அன்னைக்கு மத்தியானம் கையைக் கழுவிட்டு வெறுந்தட்டு முன்னால வந்து உக்காந்தாவ. கண்ணை மூடினாவ. “ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்”ன்னு ஆரம்பிச்சுட்டாவ. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! “எந்த ஆகாரத்துக்கு? தட்டுல ஒரு ஈ கூட இல்ல, கண்ணைத் திறந்து பாரும்!”னு கத்துனேன். அவிய கண்ணைத் திறக்காமலே, “மொதல்ல ஆமென் சொல்லுடி”ன்னாவ.

நான் ஆமென் சொன்னேனோ இல்லையோ, வாசல்ல தொப்புன்னு ஒரு சத்தம். போய்ப் பாத்தா, பாதி நிறைஞ்ச ஒரு சாக்கு. ஆளைக் காணோம். பிரிச்சுப் பாத்தா அரிசி.

தங்கச்சி, நான் அடுப்படியில உக்காந்து அழுதேன். சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு சேலையை வாயில வச்சுக்கிட்டு அழுதேன். பொறவு பொங்கி, உப்பைத் தூவி, ரெண்டு பேரும் சட்டியை வழிச்சுத் தின்னோம். எங்க கல்யாணச் சோறுகூட அம்புட்டு ருசி இல்ல. அந்த இடத்துல சபையில எல்லாருக்கும் கண்ணு கலங்கிரும்னு நினைக்கேன். நல்லாயிருக்கா? சொல்லலாம்லா?

மறுநாள்தான் அந்தச் சோத்தோட லெச்சணம் தெரிஞ்சுது. சாக்குல இருந்தது சங்கத்துக் கைப்பிடி அரிசி. ஊர்ல உள்ள அரிசியெல்லாம் ஒரே பானைக்குள்ள. பொன்னி குழைஞ்சு கஞ்சியாயிட்டு. இட்லி அரிசி விறைச்சுக்கிட்டு நிக்கி. எவ வீட்டுச் சிவப்பரிசியோ, அது வேகவே மாட்டேன்னு அடம் பிடிக்கி. அதுகூடப் போகட்டும். உலை கொதிக்கும்போது ஒரு வாசம் வந்துச்சு பாருங்க. கருவாட்டு வாசம்! கருவாடு கிடையாது தங்கச்சி, வாசம் மட்டும். “ஆண்டவரே, வாசத்தை அனுப்பத் தெரிஞ்ச உமக்கு ரெண்டு துண்டு கருவாட்டை அனுப்பத் தெரியலையா?”ன்னு கேட்டேன். அது முறுமுறுப்பா? கேள்விதானே.

எங்க வீட்டுக்காரவிய சோத்தை மோந்து பாத்துட்டுச் சிரிச்சாவ. “நம்ம வீட்டு வாசம்லா அடிக்கி”ன்னாவ. பாவம், நல்லா இருந்த காலம் ஞாபகத்துக்கு வந்துட்டு போலன்னு இன்னொரு கரண்டி சோறு வச்சேன்.

ஒண்ணு சொல்லணும். அந்த அரிசி தீரப்போற நேரம் பாத்து அடுத்த சாக்கு வந்துரும். ஒரு நாளும் எங்க பானை கவுந்து கிடக்கல. ஆனா ஒவ்வொரு சாக்குலயும் அந்த வாசம். காலையில வாசம், ராத்திரி வாசம், பழைய சோத்துல தண்ணி ஊத்தி வச்சா தண்ணியிலயும் வாசம். கோயிலுக்குக் குடுக்குற அரிசியை ஒருத்தி கருவாட்டோட வச்சுக் குடுத்திருக்கா. எம்புட்டுத் துணிச்சல் இருக்கணும்! ஏழை பாழைங்கதானே திங்கப் போறாங்கன்னு ஒரு எளக்காரம். அவ யாருன்னு கண்டுபிடிக்காம விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

நேராப் போய்க் கேட்டா எவளும் சொல்ல மாட்டா. அதனால எங்க தெருவுல ஒவ்வொரு வீடா ஜெபம் பண்ணப் போனேன். “வெள்ளத்துல கஷ்டப்பட்டிருக்கீய, ஒரு ஜெபம் பண்ணுவோம், அடுப்படியிலயே பண்ணுவோம், அங்கதான் ஆசீர்வாதம் வரும்”னு சொல்லி உள்ள போயிருவேன். எல்லாரும் கண்ணை மூடுவாவ. நானும் கண்ணை மூடிக்கிட்டு மூக்கைத் திறந்து வச்சுக்கிடுவேன். ஒரு வீட்ல மண்ணெண்ணெய் வாசம். ஒரு வீட்ல பூனை. ஒருத்தி வீட்ல மல்லி வறுத்த வாசம் வந்து ஜெபத்துக்கு நடுவுலயே எனக்கு வாயூறிட்டு. கருவாடு மட்டும் ஒரு வீட்லயும் இல்ல. அதுக்குள்ள ஊர்ல என்ன பேச்சுன்னா, சுகிர்தம் வெள்ளத்துக்குப் பொறவு பெரிய ஜெப வீராங்கனை ஆயிட்டான்னு. சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டதே அதனாலதான்னு நினைக்கேன்.

கடைசியில லீதியாள்கிட்டயே போனேன். அவதான் அரிசியை அள்ளுதா, அவளுக்குத் தெரியாம இருக்குமா? அவ வீடு எங்க வீட்டைவிடப் பள்ளம். சுவருல தண்ணி நின்ன கோடு காயவே இல்ல. அவ பிள்ளைக ஈரப் பாயை வெயில்ல போட்டுக்கிட்டு இருந்துச்சு. நான் உக்காரக்கூட இல்ல. “ஏ லீதியாளு, அந்தக் கருவாட்டு அரிசி யாரு வீட்டு அரிசி?”ன்னு கேட்டேன். அவ முகம் ஒரு மாதிரி ஆயிட்டு. 

“தெரியும்க்கா. ஆனா சொல்ல மாட்டேன்”ன்னா. 

“ஏன் சொல்ல மாட்ட? உனக்கு வேண்டியவளோ?” 

“வேண்டியவங்கதான்க்கா. அவுக ஒரு வேளை விடாமக் குடுக்காவ. வாசத்தைச் சொன்னா மனசு நொந்து குடுக்கதை நிறுத்திருவாவ. அதான், அந்த அரிசியை மட்டும் தனியா வாங்கி நான் வீட்டுக்குக் கொண்டு போயிருவேன். அதுக்குப் பதிலா எங்க வீட்டு அரிசியை அளந்து சாக்குல போட்டுருவேன். இத்தனை வருசமா அப்படித்தான். இந்த மாசம் வெள்ளத்துல எங்க வீட்லயும் மாத்திப் போட அரிசி இல்ல. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டேன். அது உங்க வீட்டுக்கே வந்துட்டு. மன்னிச்சுக்கிடுங்கக்கா”ன்னா.

பாத்தீயளா, அவளே மன்னிப்புக் கேட்டுட்டா! குத்தம் இல்லாமலா மன்னிப்புக் கேப்பா? நானும் பெரிய மனசு பண்ணி, “சரி, இனிமேயாவது பாத்து நட”ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா அந்தக் கருவாட்டுக்காரி பேரை மட்டும் அவ வாயில இருந்து பிடுங்க முடியல.

பொறவு மெக்கானிக்குக்குச் சாமான் வந்துச்சு, வண்டி ஓடுச்சு, அளத்துல உப்பும் எடுக்க ஆரம்பிச்சாச்சு. ஆண்டவர் கைவிடல. இன்னைக்குப் பண்டிகைன்னு நான் கொண்டு போறது ரேசன் இல்ல தங்கச்சி, முதல் தரமான பொன்னி. வெள்ளத்துக்குப் பொறவு இந்த டப்பாவுல போட்ட மொத அரிசி. காணிக்கையை வச்சுட்டு, சாட்சி சொல்லிட்டு, கடைசியில ஒரு வார்த்தை சொல்லப் போறேன். “ஆண்டவர் எங்களுக்கு அனுப்புன அரிசியில கருவாட்டு வாசத்தைக் கலந்த சகோதரி யாரோ, அவ இந்தச் சபைக்கு முன்னால எந்திச்சு நிக்கட்டும்”னு. ஐயர் முகத்தை அப்பப் பாக்கணும். முறுமுறுக்காம சகிச்சது யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.

என்ன தம்பி? டிக்கெட் எடுத்தாச்சே. லக்கேஜா? எதுக்கு லக்கேஜ்? கருவாட்டுக்கா! யாரு தம்பி கருவாடு கொண்டு வாரா? பஸ்ஸு பூரா நாறுதுன்னா என்னைய ஏன் பாக்கீய? கோயிலுக்குப் போறவ கருவாட்டையா தூக்கிக்கிட்டுப் போவா? இது அரிசி. முன் சீட்டுல இருக்க அண்ணாச்சி வேற திரும்பித் திரும்பிப் பாக்காரு. சன்னலைத் திறக்க வழி இல்லாம வண்டி விட்டுட்டு என்னைய வந்து கேக்கீய! தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்க, டப்பா உங்க மடியிலதானே இருக்கு...

நீங்க ஏன் முந்தானையை மூக்குல வச்சிருக்கீய?

எப்பவுல இருந்து? டப்பாவை வாங்குனதுல இருந்தா? அப்பவே சொல்லக் கூடாதா? குடுங்க இப்படி. திறந்து காட்டுதேன், அந்தத் தம்பியும் பாக்கட்டும். பாருங்க தம்பி, வெள்ளை வெளேர்னு பொன்னி, ஒரு குருணை கிடையாது, நல்லாக் கிட்ட வந்து பாருங்க, ஒரு...

இருங்க.

ஒரு நிமிசம் இருங்க தம்பி.

நம்ம வீட்டு வாசம்னாவ. தட்டைக் கையில வச்சுக்கிட்டு அந்த மனுசன் சிரிச்சாவ. தெரிஞ்சுதான் சிரிச்சிருக்காவ, பாவி மனுசன்.

அந்த லீதியாள் துணிப்பை கொண்டு வருவா தங்கச்சி. என் அரிசிக்குன்னு தனியாத் துணிப்பை. நான் அதை மரியாதைன்னு நினைச்சேன். மாசா மாசம் கொண்டு போய் அவ பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டிருக்கா. அந்தப் பிள்ளைக ஒண்ணுகூட என்னைய ஒரு மாதிரியாப் பாத்தது இல்ல. கண்டா, பெரியம்மான்னு ஓடி வரும். அவ என்கிட்ட மன்னிப்புக் கேக்கா, நான் பாத்து நடன்னு சொல்லிட்டு வாரேன். ஆண்டவரே.

இல்ல, அழல. வேர்வை. சன்னல் மூடிக் கிடக்குல்லா.

சாட்சியா? சொல்லாம இருக்க முடியுமா, ஐயரம்மா பேரு குடுத்துட்டாவளே. சுருக்கமாச் சொல்லுன்னாவ, இனி சுருக்கமாத்தான் வரும். ஆண்டவர் எங்களுக்கு அரிசி குடுத்தாரு, வாசத்தை லீதியாள் தின்னா. அம்புட்டுத்தான். சொல்லிட்டு அவ பெஞ்சுல போய் உக்காந்துக்கிடுவேன், இடம் விட்டான்னா.

இந்த நெத்திலி டப்பா கோயிலுக்கு வேண்டாம். திரும்ப வீட்டுக்கே கொண்டு போய் நானே பொங்கித் தின்னுக்கிடுதேன். காணிக்கைக்குப் பண்டிகைக் கடையில புது அரிசி விப்பாவ, வாங்கிக் காகிதப் பையிலயே வச்சுருதேன். இந்தாங்க தம்பி, லக்கேஜ் போடுங்க. கருவாடுன்னே போட்டுக்கிடுங்க.

நம்ம ஸ்டாப் வந்துட்டு. வாரேன் தங்கச்சி, சேலையைத் துவைச்சுப் போட்டுருங்க. ஏ தம்பி, விசில் அடிச்சுராதீய, இறங்கிக்கிடுதேன்! இந்தப் படியை என்ன இம்புட்டு உயரத்துல வச்சிருக்கான், வயசான பொம்பளை எப்படி இறங்குவான்னு ஒரு யோசனை...

சரி. ஒண்ணும் சொல்லல. இறங்குதேன்.